சிரங்குக்கும் காது சீழுக்கும் பள்ளிக்கூடமே மருந்து போட்ட காலம்

கேட்ட கேள்வி இது: "இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பிள்ளைகளின் சிரங்கு, பேன், படர்தாமரை, காது சீழ் எல்லாவற்றுக்கும் அரசே வைத்தியம் பார்த்ததாகப் படித்தேன். வீட்டுப் பக்கத்து டாக்டரிடம் காட்ட வேண்டியதைப் பள்ளிக்கூடத்தில் ஏன் பார்த்தார்கள்? உருப்படியாக ஏதாவது நடந்ததா?"

முதல் பாதிக்குப் பதில் எளிது. டாக்டரிடம் காட்டக் காசு இல்லை. இரண்டாம் பாதிதான் கொஞ்சம் இழுக்கும். உருப்படியாக நடந்தது. ஆனால் ஆண்டறிக்கைகள் பெருமையாகப் பேசிய இடங்களில் அது அவ்வளவாக நடக்கவில்லை. டாக்டர்கள் செய்த பெரிய காரியங்களில் சில தேவையில்லாதவை, சில ஆபத்தானவை. ஒரு நர்ஸ் தினம் காலையில் பஞ்சையும் களிம்பையும் வைத்துக்கொண்டு செய்த சில்லறை வேலைதான் பிள்ளைகளுக்கு உண்மையில் உதவியது. நான் தோல் நோய்ப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன், அதனால் இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து பேசுவேன். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் காசு விஷயம். 1911ல் பிரிட்டனில் தேசிய இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது. சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு நோய் வந்தால் பதிவு செய்த டாக்டரிடம் காசில்லாமல் காட்டிக்கொள்ளலாம். தொழிலாளிக்கு மட்டும்தான். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடையாது. அப்பாவுக்கு இருமல் வந்தால் டாக்டர் உண்டு, மகன் காதில் சீழ் வடிந்தால் இல்லை. பிள்ளைக்கு டாக்டர் வேண்டுமென்றால் சில ஷில்லிங் எண்ணி வைக்க வேண்டும். வாரச் சம்பளத்தில் வாடகை, ரொட்டி, கரி போக மிச்சம் என்ன இருக்கும்? காய்ச்சலில் பிள்ளை சுருண்டு விழுந்தால் கடன் வாங்கியாவது போவார்கள். முகத்தில் சிரங்கு என்றால் "தானாப் போகும்" என்று விட்டுவிடுவார்கள். நம் ஊரிலும் பார்த்ததுதான். காது சீழுக்கு நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றிவிட்டு, வயசானா சரியாயிடும் என்று சொன்ன பாட்டிகளை எனக்குத் தெரியும். லண்டன் கிழக்குப் பகுதிப் பாட்டிகளும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

அரசுக்கு இந்தப் பிள்ளைகள் மேல் திடீரென்று அக்கறை வந்ததற்குப் போர்தான் காரணம். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போருக்கு ஆள் எடுக்கும்போது, வந்த இளைஞர்களில் பலர் உடம்பு தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். சொத்தைப் பல், குறுகிய மார்பு, மோசமான கண். சாம்ராஜ்யத்துக்குச் சண்டை போட ஆள் இல்லை என்ற பயம் வந்தது. 1904ல் ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. 1906ல் பள்ளியில் சாப்பாடு போட அனுமதிக்கும் சட்டம் வந்தது. 1907ல் வந்த சட்டத்தின் பெயர் "கல்வி (நிர்வாக ஏற்பாடுகள்) சட்டம்". பெயரைக் கேட்டாலே தூக்கம் வரும். அதற்குள் ஒரு பிரிவில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரையும் டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்ற கட்டளையைச் செருகி வைத்திருந்தார்கள். கல்வி வாரியத்தின் தலைமைச் செயலர் ராபர்ட் மொராண்ட், சத்தம் போடாமல் காரியத்தை முடிக்கிற ஆள். தலைமை மருத்துவ அதிகாரியாக ஜார்ஜ் நியூமனை நியமித்தார். நியூமன் 1907லிருந்து 1935 வரை அந்த நாற்காலியில் இருந்தார். நாம் பேசும் காலம் முழுவதும் கிட்டத்தட்ட அவர் காலம்தான்.

அந்தச் சட்டத்தில் ஒரு கோணல் இருந்தது. பரிசோதிப்பது கட்டாயம், சிகிச்சை கொடுப்பது உள்ளூர் கல்வி நிர்வாகத்தின் விருப்பம். டாக்டர் வந்தார், பார்த்தார், "டான்சில், காது, இரண்டு பல்" என்று அட்டையில் எழுதினார், பெற்றோருக்குச் சீட்டு அனுப்பினார். சீட்டை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வார்? அடுத்த பரிசோதனையில் அதே பிள்ளை, அதே காது, அதே சீழ்.

இதை முதலில் உடைத்தவர் மார்கரெட் மெக்மில்லன். வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பள்ளி வாரிய உறுப்பினராக இருந்து, அழுக்கோடும் பசியோடும் வரும் பிள்ளைகளை நேரில் பார்த்தவர். 1908ல் லண்டனில் போ (Bow) என்ற பகுதியிலும் 1910ல் டெட்ஃபோர்டிலும் பள்ளி கிளினிக் தொடங்கினார். முதல் கிளினிக்குக்குப் பணம் கொடுத்தவர் ஜோசப் ஃபெல்ஸ் என்ற அமெரிக்க சோப்பு வியாபாரி. இதைவிடப் பொருத்தமாக யாரும் கிடைத்திருக்க மாட்டார்கள். பிராட்ஃபோர்டு நகர நிர்வாகமும் அதே 1908ல் தன் சொந்தச் செலவில் ஒன்று திறந்தது. மற்ற நகரங்கள் மெதுவாகப் பின்தொடர்ந்தன. முதல் போர் முடிகிற நேரத்தில், 1918ல், ஹெர்பர்ட் ஃபிஷர் கொண்டுவந்த கல்விச் சட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதையும் கடமையாக்கியது. சில வருடங்களிலேயே அரசு செலவைக் குறைக்கிறேன் என்று கத்தியைத் தூக்கியது வேறு கதை. கடமை மட்டும் சட்டத்தில் நின்றுவிட்டது.

"சில்லறை வியாதிகள்" என்ற பிரிவு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. அது ஒரு சமரசத்தில் பிறந்தது. தனியார் டாக்டர்கள் தங்கள் பிழைப்பில் அரசு கை வைக்கிறது என்று முறுக்கிக்கொண்டார்கள். சரி, நீங்கள் காசு வாங்கிக்கொண்டு பார்க்காததை மட்டும் நாங்கள் பார்க்கிறோம் என்று எல்லைக்கோடு போடப்பட்டது. சிரங்கு, சொறி, படர்தாமரை, கண் இமைப் புண், காது சீழ், கொப்புளம், நகச்சுற்று, குளிர்காலத்தில் கைகால் விரல் வீங்கி வெடிக்கும் பனிப்புண், வெட்டுக்காயம். இவற்றோடு பல், கண்ணாடி, டான்சில். நிமோனியா வந்தால் டாக்டருடைய பிள்ளை, சிரங்கு வந்தால் பள்ளியின் பிள்ளை.

இப்போது அந்த அறைக்குள் போவோம்.

பெரும்பாலும் அது ஒரு பழைய வீடு, அல்லது பள்ளியின் பின்கட்டு, அல்லது நகராட்சிக் கட்டடத்தில் ஓர் ஓரம். சுவரை ஒட்டி மரப் பெஞ்சு. கேஸ் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. எனாமல் பேசின்கள், வெட்டி வைத்த லின்ட் துணி, போரிக் கரைசல், மூடி போட்ட களிம்பு ஜாடிகள். பெஞ்சில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. நர்ஸ் ஒருவர், கூட்டம் அதிகமென்றால் இருவர். டாக்டர் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வந்து புதுக் கேஸ்களைப் பார்த்து, என்ன போட வேண்டும் என்று எழுதிவிட்டுப் போவார். போடுவது நர்ஸ்.

முகமெல்லாம் தேன் நிறத்தில் பொருக்கு கட்டிய ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் சிரங்கு என்று பொதுவாகச் சொல்வோம், டாக்டர் இம்பெட்டிகோ என்பார். உதட்டோரத்தில் தொடங்கி மூக்கு, கன்னம், காது என்று பரவும். பக்கத்து பெஞ்சுப் பையனுக்கும் தொற்றும். வீட்டில் அம்மா பொருக்கின் மேலேயே களிம்பைத் தடவுவார். அது பிரயோஜனமில்லை, கிருமி பொருக்குக்கு அடியில் இருக்கிறது. நர்ஸ் முதலில் செய்வது பொருக்கை ஊற வைப்பது. வெதுவெதுப்பான போரிக் தண்ணீரில் நனைத்த துணி, இல்லையென்றால் ஸ்டார்ச் கஞ்சியைத் துணியில் தடவி ஆறவைத்த பற்று. நம் வீட்டில் பருத்திப் புடவைக்குப் போடும் கஞ்சி மாதிரிதான். பொருக்கு இளகியதும் மெதுவாக எடுத்துவிட்டு, செக்கச்செவேலென்று தெரியும் புண்ணின் மேல் வெள்ளைப் பாதரசக் களிம்பு. சில இடங்களில் ஜென்ஷன் வயலட், நம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஒரு தலைமுறையே பார்த்துச் சலித்த அதே ஊதா மருந்து. பையன் பாதி ஊதா முகத்தோடு வகுப்புக்குப் போவான். மறுநாள் திரும்ப வருவான். இப்படி ஏழெட்டு நாள், பத்து நாள். ஆறிவிடும்.

இந்தக் களிம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைப் பாதரசம் அப்படியொன்றும் அதிசய மருந்து இல்லை. பாதரசம் நல்லதும் இல்லை, இன்றைக்குக் குழந்தை முகத்தில் போட மாட்டோம். வேலை செய்தது தினமும் பொருக்கை எடுத்துக் கழுவியதுதான். வெந்நீர்க் குழாய் இல்லாத வீட்டில், ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு, காலையில் வேலைக்கும் போகிற ஓர் அம்மாவால் செய்ய முடியாத வேலை அது. மருந்துச் சீட்டு எழுதி அனுப்பினால் நடக்காது. யாராவது ஒருவர், தினம், அரை மணி நேரம் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

காது சீழும் அப்படித்தான். அம்மை அல்லது ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து போன பிறகு செவிப்பறை ஓட்டையாகி, மாதக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் வடியும். நாற்றம் தாங்காமல் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். கேட்பது குறையும், வாத்தியார் மந்தபுத்தி என்பார். சீழ் காதுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டாய்டு எலும்புக்குள் இறங்கினால் அறுவை, மூளைக்குப் போனால் சாவு. கிளினிக்கில் செய்தது என்ன? ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டுவிட்டு நுரைக்க வைத்து, மெல்லிய கம்பியில் சுற்றிய பஞ்சால் திரும்பத் திரும்பத் துடைத்துக் காயவைத்து, போரிக் பொடியை மெலிதாகத் தூவுவது. நாள் தவறாமல். 1920களில் துத்தநாக அயனிச் சிகிச்சை என்று ஒன்று பரவியது. காதில் துத்தநாகக் கரைசலை நிரப்பி மிகச் சிறிய மின்சாரத்தைச் செலுத்துவார்கள். நிறைய காதுகள் காய்ந்தன. மின்சாரத்தால் காய்ந்ததா, அதற்கு முன் செய்ய வேண்டிய சுத்தத்தால் காய்ந்ததா என்று கேட்டால், நான் சுத்தத்தின் மேல்தான் பந்தயம் கட்டுவேன்.

பேன் இன்னும் சிக்கல், அதில் வியாதியோடு மானமும் சேர்ந்திருக்கிறது. நர்ஸ் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு தலையாகப் பார்ப்பார். காதுக்குப் பின்னால், பிடரியில் முடியைப் பிரித்துப் பார்த்தால் ஈர் தெரிந்துவிடும். "நிட் நர்ஸ்" என்று பிள்ளைகள் வைத்த பெயர், தமிழில் சொன்னால் ஈர் பார்க்கும் நர்ஸ். ஈர் இருந்தால் அம்மாவுக்குச் சீட்டு. 24 மணி நேரத்துக்குள் சுத்தம் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் பிள்ளையைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழைத்துப் போக நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. மறுபடி பேன் வந்து, அது பெற்றோரின் அலட்சியம் என்று தெரிந்தால் பத்து ஷில்லிங் வரை அபராதம். நிலையத்தில் பாரஃபின் (நம் மண்ணெண்ணெய்) அல்லது ஸாஸஃப்ராஸ் என்ற மரத்தின் எண்ணெய் தேய்த்துத் துணி கட்டுவார்கள், வெந்நீரில் அலசுவார்கள், சூடான வினிகரால் ஈரை இளக்குவார்கள், பிறகு இரும்புப் பல் சீப்பால் வாரி எடுப்பார்கள். நம் ஊர் ஈர்வலியும் அவர்கள் சீப்பும் அண்ணன் தம்பி.

பேனைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. அன்று ராத்திரி அந்தச் சிறுமி தன் தங்கையோடும் பாட்டியோடும் ஒரே கட்டிலில் படுப்பாள். பள்ளிச் சேவைக்குத் தங்கை மேல் அதிகாரம் இல்லை, அவளுக்கு இன்னும் ஐந்து வயது ஆகவில்லை. பாட்டி மேல் கேட்கவே வேண்டாம். ஒரு பிள்ளையை மட்டும் சுத்தம் செய்து அதே கட்டிலுக்குத் திருப்பி அனுப்புவது ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புகிற கதை. சொறிக்கும் இதே கதைதான். வெந்நீரில் தேய்த்துக் குளிப்பாட்டி, கந்தகக் களிம்பைக் கழுத்திலிருந்து கால்வரை மூன்று நாள் தொடர்ந்து பூசினால் பூச்சி சாகும். வீட்டில் மற்றவர்களுக்கும் பூசி, துணியையும் கொதிக்க வைத்தால்தான் அது திரும்ப வராமல் இருக்கும்.

ஆனாலும் ஆண்டுதோறும் அறிக்கையில் பேன் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. நியூமனின் அறிக்கைகளைப் படித்தால் 1930களில் இங்கிலாந்துப் பிள்ளைகளின் தலை கிட்டத்தட்ட சுத்தம். 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து நகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேரைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அதில் பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். கிராமத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்தால் பேன், சிரங்கு, சொறி. நாடே அதிர்ந்தது. கென்னத் மெலன்பி என்ற பூச்சியியலாளர் காய்ச்சல் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த பிள்ளைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். அங்கே யாருக்கும் முன்கூட்டித் தெரியாமல், சேரும் நாளிலேயே தலை பார்க்கப்பட்டிருந்தது. பெரிய தொழில் நகரங்களில் சிறுமிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பேன். பள்ளி அறிக்கைகள் காட்டியதைவிடப் பல மடங்கு.

நர்ஸ்கள் பொய் எழுதினார்களா? அப்படி நினைக்கவில்லை. நர்ஸ் வரும் நாள் தெரிந்தால் முந்தின ராத்திரி அம்மா உட்கார்ந்து வாரிவிடுவார். ஒரு நாளில் சில நூறு தலை பார்த்தால் ஒரு தலைக்குச் சில விநாடிதான் கிடைக்கும், அதில் மோசமானவைதான் கண்ணில் படும். அதோடு, பெயர் எழுதினால் அந்தச் சிறுமி வகுப்பு முழுவதும் பார்க்க எழுந்து வெளியே போக வேண்டும். கொஞ்சமாக இருந்தால் கண்டும் காணாமல் விட்ட நர்ஸ்களும் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். இன்னொன்று, அந்த செப்டம்பர் கோடை விடுமுறை முடிந்த நேரம். பல வாரமாக எந்த நர்ஸும் எந்தத் தலையையும் பார்க்கவில்லை. அறிக்கையை நம்பி ஏமாந்தவர்கள் இருந்தார்கள். அதே சமயம், நர்ஸ் பார்க்காவிட்டால் சில வாரத்தில் நிலைமை எங்கே போகும் என்பதையும் அந்த செப்டம்பர் காட்டியது.

இனி பெரிய காரியங்களுக்கு வருகிறேன்.

தலையில் வரும் படர்தாமரை. முடி வட்ட வட்டமாக ஒடிந்து, தோல் சாம்பல் பூத்தது போலிருக்கும். இதைப் புழுவெட்டு என்று குழப்பிக்கொள்பவர்கள் உண்டு, அது வேறு. இது பூஞ்சை, பிள்ளைக்குப் பிள்ளை தொற்றும். வேர் வரை இறங்கிவிடுவதால் மேலே என்ன தடவினாலும் போகாது. பருவ வயது வந்தால் தானாகப் போய்விடும், ஆனால் ஏழு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்? ஒரு வருடம், இரண்டு வருடம் பள்ளிக்கு வரக்கூடாது என்று நிறுத்தினார்கள். லண்டனில் இதற்கென்றே தனி விடுதிப் பள்ளிகள் இருந்தன. படிப்பு போச்சு.

1904ல் பாரிஸில் ரேமோன் சாபுரோ ஒரு வழி கண்டுபிடித்தார். எக்ஸ்ரேயை அளந்து பாய்ச்சினால் இரண்டு மூன்று வாரத்தில் முடி வேரோடு கொட்டிவிடும், பூஞ்சையும் கூடவே போய்விடும், சில மாதத்தில் முடி முளைக்கும். 1909ல் லண்டனில் ஆடம்சன் என்ற தோல் மருத்துவர் தலையில் ஐந்து புள்ளிகள் குறித்து, முழுத் தலைக்கும் சமமாகப் பாய்ச்சும் முறையை எளிமையாக்கினார். இரண்டு போர்களுக்கு இடையில் இதுதான் வழக்கமான சிகிச்சை. அளவு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எக்ஸ்ரே குழாயின் அருகில் பேரியம் பிளாட்டினோசயனைடு என்ற ரசாயனம் பூசிய ஒரு சின்ன வில்லையை வைப்பார்கள். கதிர் படப்பட அது பச்சையிலிருந்து பழுப்பாக மாறும். பக்கத்தில் வைத்த மாதிரி நிறத்தோடு பொருந்தியதும் நிறுத்து. அதாவது ஒரு குழந்தையின் தலையில் விழும் கதிரின் அளவு, ஒருவர் கண்ணுக்கு எந்தப் பழுப்பு சரியாகப் படுகிறது என்பதைப் பொறுத்திருந்தது. கொஞ்சம் கூடினால் நிரந்தர வழுக்கை.

ஆனால் பலன் கண்முன்னால் இருந்தது. வருடக்கணக்கில் வெளியே நின்ற பிள்ளை மொட்டைத் தலையில் ஒரு குல்லா போட்டுக்கொண்டு சில மாதத்தில் வகுப்புக்குத் திரும்பினான். லண்டனில் படர்தாமரைக் கேஸ்கள் போர்களுக்கு இடையில் வெகுவாகச் சரிந்தன. 1925க்குப் பிறகு வுட் விளக்கு வந்தது. இருட்டில் புற ஊதா வெளிச்சத்தைப் பிடித்தால் பூஞ்சை பிடித்த முடி பச்சையாக மின்னும், பத்து நிமிடத்தில் ஒரு வகுப்பையே பார்த்துவிடலாம். கணக்கு பிற்பாடுதான் வந்தது. 1940களின் இறுதியிலிருந்து இஸ்ரேலில் குடியேறிய பல ஆயிரம் பிள்ளைகளுக்கு இதே முறையில் கதிர் பாய்ச்சினார்கள். அவர்களில் மூளைக் கட்டியும் தைராய்டு புற்றுநோயும் மற்றவர்களைவிட அதிகம் என்று 1974ல் பாருக் மோடான் ஆய்வு காட்டியது. 1994ல் அந்த நாடு நஷ்டஈட்டுச் சட்டமே போட வேண்டியதாயிற்று. இங்கிலாந்து டாக்டர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. எக்ஸ்ரே பிடிக்காதவர்கள் கைவசம் வைத்திருந்த இன்னொரு வழி தாலியம் அசிடேட்டை வாய்வழியாகக் கொடுப்பது. அதுவும் முடியைக் கொட்டவைக்கும். அதே தாலியம் எலி மருந்தும்கூட. அதோடு ஒப்பிட்டால் எக்ஸ்ரே தேவலை.

டான்சில் விஷயத்தில் எனக்கு அந்தத் தயவு இல்லை.

ஒரு கட்டத்தில் இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதிகமாகச் செய்யப்பட்ட அறுவை டான்சில் எடுப்பதுதான். சளி பிடித்தால், வாயைத் திறந்து தூங்கினால், எடை ஏறாவிட்டால், எதற்கும் டான்சில். காலையில் கூட்டிப் போய், மயக்கம் கொடுத்து, வெட்டி, சாயங்காலமோ மறுநாளோ ரத்தம் துப்பிக்கொண்டே வீட்டுக்கு அனுப்பிய கதைகள் நிறைய. 1938ல் அலிசன் குளோவர் என்ற அரசு மருத்துவர் நாடு முழுவதும் எண்ணிக்கையை ஒப்பிட்டார். ஓர் ஊரில் எடுப்பது பக்கத்து ஊரைவிடப் பல மடங்கு. காற்று, தண்ணீர், வறுமை, வீட்டு நெருக்கடி என்று எதை வைத்துப் பார்த்தாலும் விளக்கம் கிடைக்கவில்லை. லண்டனை ஒட்டிய ஹார்ன்சியில் 1928ல் 186 பிள்ளைகளுக்கு எடுத்தார்கள், 1929ல் 12 பேருக்கு. அந்த ஊரில் பிள்ளைகளின் தொண்டை ஒரே வருடத்தில் மாறிவிட்டதா? பள்ளி மருத்துவ அதிகாரி மாறினார், அவ்வளவுதான். புதிதாக வந்தவருக்குக் கத்தியில் நம்பிக்கை இல்லை. எடுக்காமல் விட்ட பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதே நேரத்தில் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் வேடிக்கை. 11 வயதுப் பிள்ளைகள் 1,000 பேர். அதில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாயிற்று. மிச்சம் 389 பேரை டாக்டர்களிடம் காட்டினார்கள், 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று விடப்பட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினார்கள், 99 பேருக்கு எடுக்க வேண்டும். மிச்சம் 116 பேரை மூன்றாவது முறை காட்டினால் 51 பேர். ஒவ்வொரு முறையும் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. டாக்டர்கள் தொண்டையைப் பார்த்தார்களா, பழக்கத்தைப் பார்த்தார்களா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இந்த அறுவையால் ஆண்டுதோறும் பிள்ளைகள் செத்துக்கொண்டும் இருந்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பல், கண்ணாடி பற்றிச் சுருக்கமாக: கண்ணாடி நல்ல காரியம், அதில் விவாதமே இல்லை, கரும்பலகை தெரியாத பிள்ளைக்குத் தெரிந்தது. பல் டாக்டர்கள் எண்ணிக்கை என்றைக்கும் போதவில்லை, அடைப்பதைவிடப் பிடுங்குவது சீக்கிரம் என்பதால் பிடுங்கினார்கள். நிறைய பெற்றோர் வேண்டாம் என்று சீட்டைத் திருப்பி அனுப்பினார்கள்.

பசியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடித்தால் தப்பு. சிரங்கும் கண் புண்ணும் ஏன் திரும்பத் திரும்ப வந்தன என்பதற்குப் பாதிப் பதில் சாப்பாட்டுத் தட்டில் இருந்தது. 1926ல் வெளிவந்த கோரி மானின் ஆய்வு, லண்டனுக்கு வெளியே ஒரு விடுதியில் சிறுவர்களுக்கு வழக்கமான உணவோடு தினம் ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்) பால் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தது. சாதாரண உணவு மட்டும் சாப்பிட்ட சிறுவர்கள் ஒரு வருடத்தில் சராசரியாக 3.85 பவுண்டு எடை கூடினார்கள், பால் குடித்தவர்கள் 6.98 பவுண்டு. இத்தனைக்கும் அந்தச் சாதாரண உணவு போதுமானது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1934 அக்டோபரில் பள்ளிகளில் மூன்றில் ஒரு பைன்ட் பால் அரைப் பென்னிக்குக் கிடைக்க ஆரம்பித்தது, மிக ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசம். பிள்ளைகளுக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு, விற்காமல் தேங்கிய பாலைத் தள்ளிவிட வேண்டிய அவசரமும் அதில் இருந்தது. இருக்கட்டும், பால் பால்தானே.

ஆனால் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த 1930களின் தொடக்கத்திலும் பிள்ளைகளின் உடல்நிலை கெடவில்லை என்றே நியூமன் எழுதிக்கொண்டிருந்தார். ஊட்டத்தை அளந்த முறை அப்படி. டாக்டர் பிள்ளையைப் பார்த்து நல்லது, சுமார், மோசம் என்று எழுதுவார். வறுமையான ஊரில் வேலை பார்க்கும் டாக்டருக்கு ஒல்லிப் பிள்ளையே சாதாரணமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். வில்லையின் பழுப்பு நிறத்தைக் கண்ணால் அளந்த அதே கதை.

எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி கிடைத்ததா என்றால், இல்லை. செலவில் பாதியை மத்திய அரசு கொடுத்தது, மீதி உள்ளூர் வரி. பணக்கார நகரம் கிளினிக் கட்டியது. நிலக்கரிச் சுரங்கம் மூடிக் கிடந்த ஊருக்கு, சிரங்கு அதிகமாக இருந்தும், தன் பங்கைப் போடக் காசில்லை. சிதறிக் கிடந்த கிராமங்களில் நர்ஸ் சைக்கிளில் வருவார், அடுத்து எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. தினம் போட வேண்டிய மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டு என்ன பயன்? நகரத்துக் கிளினிக்குகள் சாதித்ததைக் கிராமத்துக்கும் சேர்த்து எழுதிக்கொள்ளக் கூடாது.

அப்புறம் அந்த அறைகள் என்னவாயின? 1944 கல்விச் சட்டம் பள்ளிச் சிகிச்சையை முழுக்க இலவசமாக்கியது. 1948ல் தேசியச் சுகாதாரச் சேவை வந்ததும் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் டாக்டர் இலவசம் ஆனார். பென்சிலினும் மற்ற கிருமிக்கொல்லிகளும் வந்த பிறகு சிரங்குக்குப் பத்து நாள் பெஞ்சில் உட்கார வேண்டியதில்லை, காது சீழ் மாதக்கணக்கில் வடியவில்லை. 1958ல் கிரிசியோஃபல்வின் மாத்திரை படர்தாமரையைக் குணமாக்கும் என்று தெரிந்தது, எக்ஸ்ரே குழாயை மூட்டை கட்டினார்கள். பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. ஈர் பார்க்கும் நர்ஸ் மட்டும் அதற்குப் பிறகும் பல வருடம் சீப்போடு வந்துகொண்டிருந்தார். தங்கையும் பாட்டியும் அதே கட்டிலில்தான் இருந்தார்கள்.